தாள் அவர்களிடம், எழுத்து நம்மிடம்: தென்னாப்பிரிக்காவில் ஒரு சிறு மின்னூலகத்துக்கு ஆதரவு திரட்டும் வழி

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு பாட்டி வீட்டுச் சாமி மாடத்தில், முருகன் படத்துக்குப் பின்னால், நாலாக மடித்த ஒரு பழுப்புத் தாள் இருந்தது. அவருடைய அப்பா வைத்தது. ஏதோ மந்திரம் என்று நினைத்து வெள்ளிக்கிழமைதோறும் அதற்கும் சேர்த்துச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் கொஞ்சம் பேச வரும், படிக்க வராது. "தம்பி, இதுல எந்தச் சாமி பேரு எழுதியிருக்கு?" என்று என்னிடம் நீட்டினார். பிரித்துப் பார்த்தேன். தெருக்கூத்து நோட்டீஸ். இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்பார்கள். சனிக்கிழமை இரவு நடக்கப்போகும் துரோபதை துகிலுரிதல் கூத்துக்கு ஊரையே அழைத்திருந்தார்கள். நடிகர் பட்டியலில் துரோபதை வேஷம் கட்டியவர் பெயரைப் படித்தேன். பாட்டியின் அப்பா.

பாட்டி சிரித்து முடிக்க வெகுநேரமாயிற்று. அடுத்த வாரம் அவருடைய தங்கை, வீட்டில் ஒரு பெட்டி நிறையத் தாள் இருக்கிறது என்று ஃபோன் செய்தார். அதற்கடுத்த வாரம் தங்கையின் சம்பந்தி வீடு. எங்கள் மின்னூலகத்துக்கு முதல் ஆதரவு அப்படித்தான் வந்தது. அதற்கு முன் எட்டு மாதம் துண்டறிக்கை கொடுத்தோம், சங்கக் கூட்டங்களில் மைக் பிடித்துப் பேசினோம். ஒரு தாள்கூட வரவில்லை.

இந்த நாட்டில் தமிழ்த் தாள் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அதைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த நம்மிடம் தாள் இல்லை. 1860 நவம்பர் 16 அன்று முதல் கூலிக் கப்பலான ட்ரூரோ மதராஸிலிருந்து டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கரும்புத் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் ரயில்வேக்கும் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி மதராஸில் கப்பல் ஏறியவர்கள். கோயில் பாடசாலைகளில் தமிழ் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனாலும் இரண்டு மூன்று தலைமுறையில் வீட்டுப் பேச்சு ஆங்கிலமாகிவிட்டது. இன்று தேவாரத்தையும் திருப்புகழையும் ஆங்கில எழுத்தில் அச்சிட்ட புத்தகத்தைப் பார்த்து அழகாகப் பாடுகிறார்கள். நாமோ 1994இல் நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு வேலைக்கென்று வந்தவர்கள். நம் தாத்தாவின் கல்யாணப் பத்திரிகை திருநெல்வேலியிலோ வேலூரிலோ இருக்கும்.

ஆகவே நீங்கள் முதலில் கொடுக்கக்கூடியது ஒன்றுதான்: படித்துச் சொல்வது. அதைக் கொடுத்துவிட்டு அப்புறம் கேளுங்கள். தாள், நேரம், இடம், பணம் என்ற வரிசையில் கேளுங்கள். டர்பன் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேஷியா, ஜிகெபெர்ஹாவின் (பழைய போர்ட் எலிசபெத்) மலபார் பகுதி என்று எங்கே தொடங்கினாலும் பெரிதாக மாறாது.

1. கடை திறக்கும் முன் சரக்கு

பெயர், சின்னம், இணையதளம் எல்லாம் பிறகு. முதலில் 20 பொருள்களை முழுசாக முடித்து வையுங்கள். ஸ்கேன் செய்து, விவரம் எழுதி, யாராவது கேட்டால் ஃபோனில் உடனே திறந்து காட்டும் நிலையில் இருக்கவேண்டும். "செய்யப்போகிறோம்" என்று சொல்லிக்கொண்டு இங்கே ஏற்கெனவே பலர் வந்து போயிருக்கிறார்கள்.

எதைச் சேர்ப்பது என்பதில் கறாராக இருங்கள். சென்னையில் அச்சான புத்தகங்கள் வேண்டாம். அவற்றுக்கு ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது, இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இணைய நூலகம் இருக்கிறது, 1998 பொங்கலன்று தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. திருக்குறளின் இன்னொரு பதிப்பை ஸ்கேன் செய்ய உங்கள் சனிக்கிழமையைக் கொடுக்காதீர்கள். காந்தி 1903இல் டர்பனில் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் இதழில் தமிழ்ப் பகுதியும் வந்தது. அதையும் மற்றவர்கள் ஸ்கேன் செய்துவிட்டார்கள். வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள காந்தி-லுதூலி ஆவண மையத்தில் ஒருநாள் செலவழித்து அங்கே என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே இல்லாததுதான் உங்கள் வேலை.

கோயில் கும்பாபிஷேக மலர், கல்யாணப் பத்திரிகை, கருமாதி அழைப்பு, பாடசாலை மதிப்பெண் அட்டை, ஐஸ்டெட்ஃபட் என்னும் கலைப் போட்டிச் சான்றிதழ், பஜனைப் பாட்டு நோட்டு, கூத்து வாத்தியார் கையால் எழுதிய வசன நோட்டு, ஊரிலிருந்து வந்த கடிதம், மளிகைக் கடைச் சீட்டு. பெரிய நூலகம் எதுவும் இவற்றைத் தேடி ஒரு வீட்டு வாசலுக்கு வராது. 1960களில் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து நிறவெறி அரசு குடும்பங்களைச் சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்த்தபோது, மூட்டை கட்டுகிற அவசரத்தில் எவ்வளவோ போய்விட்டது. மிஞ்சியதில் கொஞ்சத்தை ஃபிஷ்மாத் என்று இங்கே சொல்லும் வெள்ளிப்பூச்சி தின்றது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இன்னும் கொஞ்சம்.

2. வீட்டுக்குப் போவது

இதுதான் முழு வேலையும். மற்றதெல்லாம் இதற்குத் துணை.

அசலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். "ஒரு வாரத்தில் தருகிறேன்" என்று நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கேட்பவர் காதில் அது வேறு மாதிரி விழும். வெருலத்தில் ஒரு அங்கிள் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். 2010இல், முதல் கப்பல் வந்ததன் 150ஆம் ஆண்டு விழாவுக்கு மலர் போடுகிறோம் என்று யாரோ அவர் வீட்டு ஆல்பத்தை வாங்கிப்போனார்களாம். மலர் வந்தது, ஆல்பம் வரவில்லை. அதில் அவருடைய அம்மாவின் ஒரே படம் இருந்தது. அந்தக் கதையைக் கேட்டபிறகு எங்கள் விதி ஒரே வரி ஆயிற்று: சாப்பாட்டு மேசையில் வைத்து ஸ்கேன் செய்வோம், அவர் கண் முன்னால், அன்றைக்கே முடித்து அவர் கையில் கொடுப்போம்.

அதற்குத் தேவையான சாமான் ஒரு தோள்பையில் அடங்கும். நல்ல கேமரா உள்ள ஃபோன், அதை மேலிருந்து கீழ்நோக்கிப் பிடிக்கும் ஸ்டாண்டு, இரண்டு மேசை விளக்கு, விரிப்பதற்குக் கறுப்புத் துணி, மெல்லிய தூரிகை, சுருண்ட தாளை அமுக்க ஒரு கண்ணாடித் துண்டு. விளக்குகளைத் தாளுக்கு இருபுறமும் 45 டிகிரி சாய்வில் வைத்தால் கண்ணாடியில் பளபளப்பு விழாது. ஸ்கேனர் இருந்தால் எழுத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும். சின்னப் புகைப்படத்துக்கு 600 வையுங்கள். ஒரு ஏ4 தாளை 300 டிபிஐயில் வண்ணத்தில், சுருக்காமல் சேமித்தால் சுமார் 26 எம்பி வரும். நூறு பக்க மலர் என்றால் 2.6 ஜிபி. முதல் நாளே டிஸ்க் நிறைந்துவிட்டதே என்று பயப்படாமல் இருக்க இந்தக் கணக்கு மனதில் இருக்கட்டும். கையுறை வேண்டாம், கை கழுவித் துடைத்துவிட்டுத் தொட்டால் போதும். கையுறை போட்ட விரலுக்குத் தாளின் ஓரம் தெரியாது, கிழித்துவிடுவோம். டீ வேறு மேசைக்கு.

டீ வரும். டீயோடு பலகாரமும், பல வீட்டில் சாப்பாடும். மறுக்காதீர்கள். ஒரு வீட்டுக்கு அரைநாள் ஒதுக்குங்கள். 'ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம்' என்று போன வீடுகளில்தான் எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. முதல் ஒரு மணி நேரம் ஆல்பம் புரட்டுவார்கள். நல்ல சரக்கு, நீங்கள் கிளம்ப எழுந்திருக்கும்போதுதான் அலமாரிக்கு மேலிருந்து இறங்கும்.

கூப்பிடும் முறையிலும் கவனம் வேண்டும். நம் பழக்கத்தில் "சார்", "மேடம்" என்போம். அது இங்கே ஆபீஸ் வாசனை அடிக்கும். பெரியவர்கள் எல்லோரும் ஆன்ட்டி, அங்கிள். ரொம்ப வயதானவரைத் தாத்தா, ஆயா என்று கூப்பிட்டால் முகம் மலரும். அவர்கள் பேசும் தமிழைத் திருத்தவே திருத்தாதீர்கள். நூற்றைம்பது வருஷம் கடல் கடந்து வைத்திருந்த சொல் அது. என் நண்பர் ஒருவர், நல்ல மனிதர்தான், ஒரு அம்மாவின் ழகரத்தைத் திருத்தினார். அந்த அம்மா அதன்பிறகு எங்களிடம் ஆங்கிலத்தில் மட்டுமே பேசினார். அந்த வீட்டுப் பாட்டு நோட்டு இன்றுவரை எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இனி படித்துச் சொல்வது. ஒவ்வொரு தாளையும் எடுத்து, இன்னது என்று அவரவருக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். கிளம்பும் முன் ஒரு தாளையாவது ஐந்தாறு வரியில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்கள். ஸ்கேன் செய்த படங்களை அன்றிரவே வாட்ஸப்பில் அனுப்புங்கள். இங்கே மொபைல் டேட்டா விலை அதிகம், எனவே சின்ன அளவாக்கி அனுப்புங்கள், பெரிய அளவு பென் டிரைவில். அந்த வாட்ஸப் செய்தி குடும்பக் குழுவுக்குப் போகும், அங்கிருந்து ஆஸ்திரேலியாவில் இருக்கும் பேத்திக்குப் போகும். எங்களுக்கு வந்த அழைப்புகளில் பாதி அந்த வழியாக வந்தவை. துண்டறிக்கைக்குச் செலவழித்த காசை இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

இழவு வீடு பற்றி ஒரு சொல். வயதானவர் போன பிறகுதான் வீட்டை ஒழிப்பார்கள். பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை தாள் என்ற பேச்சே எடுக்கக்கூடாது. ஆனால் அது முடிந்த பிறகு ஒரு மாதம் ஆறப்போட்டால் எல்லாம் மறுசுழற்சிக்குப் போயிருக்கும். பதினெட்டாம் நாள், இருபதாம் நாள் வாக்கில், துக்கம் விசாரிக்கப் போகிற உறவினர் ஒருவரோடு சேர்ந்து போங்கள். தனியாகப் போனால் பழைய சாமான் வாங்க வந்தவன் என்று நினைப்பார்கள்.

3. பெயர்களில் ஜாக்கிரதை

தேடினால் கிடைக்காத நூலகத்துக்கு இரண்டாம் முறை யாரும் வரமாட்டார்கள். இங்கே தேடுபவர் தமிழ் எழுத்தில் தேடமாட்டார். கவுண்டர் இங்கே 'கவெண்டர்' ஆனார், முதலியார் 'மூட்லி' ஆனார். முனியம்மா என்ற ஒரே பெயரைத் தோட்டத்துக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடியெல்லாம் எழுதினார்கள். ஆகவே ஒவ்வொரு பெயரையும் மூன்று விதமாகப் பதியுங்கள்: தமிழில், தாளில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலில், குடும்பம் இன்று எழுதும் எழுத்துக்கூட்டலில். விவரப் பதிவுக்கு டப்ளின் கோர் என்ற உலகப் பொதுமுறையில் 15 களங்கள், அதாவது நிரப்பவேண்டிய கட்டங்கள், உண்டு. எங்களுக்கு எட்டே போதுமானதாக இருந்தது. களம் கூடினால் எழுத உட்காரும் ஆள் குறைகிறார்.

இன்னொன்று மெல்லச் சொல்லவேண்டியது. உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்று தெரிந்ததும் குடும்பங்கள் மூதாதையரின் கப்பல் பதிவு நகலையும் கொண்டுவருவார்கள். அது ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆனால் ஊர்ப் பெயர் அடையாளம் சொல்ல நீங்கள் வேண்டும். செங்கல்பட்டு, வட ஆற்காடு, திருச்சினாப்பள்ளி எல்லாம் உருக்குலைந்து கிடக்கும். அதே பதிவில் சாதிக்கும் ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் இருக்கும் சாதியும் குடும்பப் பெயர் காட்டும் சாதியும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. கேட்காமல் வாய் திறக்காதீர்கள். குடும்பம் வேண்டாம் என்றால் அந்தப் பக்கத்தைப் பொதுவில் வைக்காதீர்கள். நம் ஊர்ச் சாதிக் கண்ணாடியை இங்கே மாட்டிக்கொண்டு வந்தால் நூலகம் அன்றோடு மூடிவிடும், மூடவும் வேண்டும்.

4. கைகள்

தமிழ் தெரிந்தவர் மட்டுமே உதவ முடியும் என்று நினைத்து நாங்கள் முதலில் ஏமாந்தோம். உண்மையில் மூன்று வகை ஆட்கள் வேண்டும்.

தமிழ் தெரியாத உள்ளூர் இளைஞர்கள் படத்தை நேராக்குவது, ஓரம் வெட்டுவது, கோப்புக்குப் பெயரிடுவது, ஆங்கில எழுத்தில் பெயர்ப் பட்டியல் எடுப்பது எல்லாவற்றையும் நம்மைவிட வேகமாகச் செய்வார்கள். கோப்புப் பெயரில் இடைவெளி வேண்டாம், வருஷம் முதலில் வரட்டும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் வகை, மெய்ப்புப் பார்ப்பவர்கள். டெசராக்ட் போன்ற எழுத்துணரி மென்பொருள்கள் இன்று அச்சுத் தமிழை ஓரளவு நன்றாகவே படிக்கின்றன. பழைய தாளில்தான் சறுக்கும். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் ணா, றா, னா, லை, னை போன்றவற்றின் வடிவமே வேறு. இங்கே அச்சான பழைய மலர்களில் தும்பிக்கை போட்ட லையும் னையும்தான். மென்பொருள் அதைப் பார்த்துத் திணறும். 1978க்குப் பிறகு பள்ளிக்கூடம் போனவர்களும் ஒரு நிமிஷம் நிற்பார்கள். இதற்கு ஊரில் ஓய்வுபெற்று இருக்கும் உங்கள் அத்தையும் மாமாவும்தான் சரியான ஆட்கள். எங்களுக்கு மெய்ப்புப் பார்த்துத் தருபவர் கும்பகோணத்தில் இருக்கும் என் பெரியம்மா. ஒரு நாளைக்கு இரண்டு பக்கம். கூலியாக, அந்தக் குடும்பம் இப்போது எப்படி இருக்கிறது என்று கதை சொல்லவேண்டும்.

மூன்றாம் வகை, அடையாளம் சொல்பவர்கள். ஒரு புகைப்படத்தில் இருக்கும் முப்பது பேரில் இருபது பேரைப் பெயர் சொல்லக்கூடிய தாத்தாக்கள். அவர்களைக் கணினி முன் உட்காரவைக்காதீர்கள். படத்தைப் பெரிதாக அச்சடித்து எடுத்துப்போய், தலைக்கு ஒரு எண் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். இதைத் தள்ளிப்போடவே கூடாது. மற்ற வேலை அடுத்த வருஷம் செய்துகொள்ளலாம், இதற்கு அடுத்த வருஷம் ஆள் இருக்கமாட்டார்.

ஆள் சேர்க்க இந்த நாடே ஒரு நாளைக் கொடுத்திருக்கிறது. ஜூலை 18, மண்டேலா தினம். அவர் 67 வருஷம் பொதுவாழ்வில் இருந்ததற்காக எல்லோரும் 67 நிமிஷம் சேவை செய்வார்கள். நாங்களும் ஆசையோடு கூப்பிட்டோம். ஒரு கம்பெனியிலிருந்து ஒரே மாதிரி டிஷர்ட் போட்டு 23 பேர் வந்தார்கள். எங்களிடம் இரண்டு கணினி. பாதிப்பேர் டீ போட்டார்கள், மீதிப்பேர் படம் எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து கற்றது: வேலையை முன்கூட்டியே 67 நிமிஷத் துண்டுகளாக வெட்டி உறையில் போட்டு வையுங்கள். ஓர் உறையில் 40 படங்களும் ஒரு பெயர்ப் பட்டியலும், அவரவர் லேப்டாப்பிலேயே செய்யும்படி. அசல் தாளை அன்று யார் கையிலும் கொடுக்காதீர்கள். 23 பேரில் இரண்டு பேர் அடுத்த மாதமும் வந்தார்கள். அதில் ஒருவர் இன்று எங்கள் பொருளாளர். இரண்டு கிடைத்தால் நல்ல விளைச்சல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற நாள்களைப் பற்றிச் சுருக்கமாக. தைப்பூசக் காவடியன்று கோயில் வாசலில் மேசை போடாதீர்கள். விரதம் இருந்து அலகு குத்தி வருபவரிடம் பழைய கல்யாணப் பத்திரிகை இருக்கிறதா என்று கேட்பது அழகில்லை. செப்டம்பர் 24 மரபு தினமும், நவம்பர் 16ஐ ஒட்டிய வாரமும் தோதானவை. அப்போது மக்களே பழங்கதை பேசும் மனநிலையில் இருப்பார்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம்வரை ஊரே விடுமுறையில் கடற்கரையில் இருக்கும். ஒன்றும் திட்டமிடாதீர்கள், நீங்களும் போங்கள்.

5. கோயிலும் சங்கமும்

கோயில் கமிட்டியிடம் இடம் கேட்கலாம்: வாரம் ஒருநாள் ஓர் அறை, பூட்டக்கூடிய ஓர் அலமாரி. முதலில் அவர்களுடைய பழைய மலர்களையும் கூட்டக் குறிப்பேடுகளையும் ஸ்கேன் செய்து கொடுத்துவிட்டுக் கேளுங்கள். ஒரே கோயிலோடு ஒட்டிக்கொள்ளாதீர்கள். தமிழ், தெலுங்கு, அந்தச் சங்கம், இந்தச் சங்கம் என்று இங்கே நமக்குத் தெரியாத பழைய பிணக்குகள் உண்டு. ஒரு கமிட்டியின் பெயர்ப்பலகைக்குக் கீழே உட்கார்ந்தால் இன்னொரு கமிட்டியின் தாள் வராது. நாங்கள் கடைசியில் பொது நூலகம் ஒன்றின் கூட்ட அறைக்கு மாறினோம்.

அரசு அலுவலகத்துக்கோ நூலகத்துக்கோ கடிதம் எழுதும்போது ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: 1996ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மதித்துப் பேணவேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அந்த வரியால் பணம் கிடைக்காது. ஆனால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

6. சட்டம், சட்டுபுட்டென்று

தென்னாப்பிரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி நூலாசிரியர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டு காப்பு உண்டு, இந்தியாவில் 60. 1970இல் இறந்த ஒருவரின் நூல் இங்கே 2020 முடிவோடு பொதுவுடைமை ஆகிவிட்டது, இந்தியாவில் 2030 முடியும்வரை ஆகாது. கோப்பு எந்த நாட்டில் இருக்கப்போகிறது என்பதையும் யோசியுங்கள். சந்தேகம் இருந்தால் அட்டையையும் விவரத்தையும் மட்டும் பொதுவில் வைத்துவிட்டு மீதியைப் பூட்டி வையுங்கள்.

உயிரோடிருப்பவரின் அடையாள எண், முகவரி, மருத்துவச் சீட்டு எதுவும் பொதுவில் வரக்கூடாது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழு அமலில் இருக்கிறது. வீட்டுக்குப் போகும்போது ஒரு பக்க ஒப்புதல் படிவம் எடுத்துப்போங்கள். எல்லோரும் பார்க்கலாமா, குடும்பம் மட்டுமா, பெயர் போடலாமா, பின்னால் நீக்கச் சொன்னால் நீக்குவோம் என்று நாலே வரி. படிவம் நீளமானால் கையெழுத்துக்கு முன் "என் மகன் வக்கீலிடம் காட்டுகிறேன்" என்பார்கள்.

7. பணம்

இப்போதுதான். அதுவும் பணமாகக் கேட்பதைவிடப் பொருளாகக் கேட்பது எளிது. "நன்கொடை தாருங்கள்" என்றால் யோசிப்பவர், "ஒரு ஹார்ட் டிஸ்க் வேண்டும், உங்கள் அம்மா பாட்டு நோட்டும் அதில்தான் இருக்கும்" என்றால் மறுநாளே வாங்கி வருகிறார். மின்வெட்டுக் காலத்தில் எங்களுக்கு யூபிஎஸ் கிடைத்தது அப்படித்தான்.

மாதம் 50 ராண்டு தருபவர் 20 பேர் இருந்தால் வருஷத்துக்கு 12,000 ராண்டு. சிறு மின்னூலகத்துக்கு அது நல்ல தொகை. பெரிய தொகை ஒன்றைத் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் தன் தாத்தா படம் வரவேண்டும் என்றார். கும்பிட்டு அனுப்பிவிட்டோம். சிலர் அதைப் பிழைக்கத் தெரியாத வேலை என்றார்கள். எனக்கு இன்னும் வருத்தமில்லை.

கணக்கை மாதாமாதம் வாட்ஸப் குழுவில் போடுங்கள்: வந்தது, போனது, இந்த மாதம் முடிந்த பக்கம் எத்தனை. பக்கக் கணக்கு முக்கியம். வெறும் வரவு செலவைப் பார்த்து யாரும் மகிழ்வதில்லை. பணம் கொஞ்சம் சேர்ந்ததும் விதிமுறை எழுதி, இரண்டு பேர் கையெழுத்தில் வங்கிக் கணக்கு திறந்து, சமூக மேம்பாட்டுத் துறையில் லாபநோக்கற்ற அமைப்பாகப் பதிவு செய்யுங்கள். பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் ஆண்டறிக்கை அனுப்பவேண்டும். அதை மறந்து பதிவை இழந்த சிறு சங்கங்கள் உண்டு. 18ஏ என்று இங்கே எல்லோரும் பேசும் வரிச்சலுகை ரசீது எல்லா வகை அமைப்புக்கும் கிடைக்காது. கணக்காளர் ஒருவரைக் கேட்காமல் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். லாட்டரி ஆணையம் போன்ற பெரிய நிதிக்கு உடனே ஓடாதீர்கள். அந்தப் படிவம் நிரப்புகிற நேரத்தில் பத்து வீடு பார்த்துவிடலாம்.

8. நீங்கள் போன பிறகும் இருக்க

கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் நூலகம் 2021 ஏப்ரலில் மலைத்தீ பரவி எரிந்தது. 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவே தாக்குதலுக்கு உள்ளாகிப் பல நாள் முடங்கியது. பெரியவர்களுக்கே அப்படி. மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு ஊரில் என்பது பொதுவான கணக்கு. எங்களுடையதில் ஒன்று டர்பனில், ஒன்று இணையத்தில், ஒன்று லெனேஷியாவில் ஒரு நண்பர் வீட்டுப் பீரோவில். புதிதாக வெளியீடு ஏதாவது அச்சிட்டால், சட்டப்படி பிரதி கொடுக்கவேண்டிய நூலகங்களில் ஒன்று பீட்டர்மாரிட்ஸ்பர்கிலேயே இருக்கிறது, ம்சுண்டூசி மாநகர நூலகம். அதைச் சுமையாக நினைக்காதீர்கள், இன்னொரு பிரதி பத்திரமாக இருக்கிறது என்று வையுங்கள்.

நம்மைப் போல வந்தவர்கள் நிலையாக இருப்பவர்கள் இல்லை. விசா முடியும், கனடாவில் வேலை கிடைக்கும். தளத்தின் பெயர் ஒருவர் பெயரில், கடவுச்சொல் இன்னொருவர் தலைக்குள் என்று இருந்தால், ஒரு விமான டிக்கெட்டோடு நூலகம் போயிற்று. எல்லாக் கடவுச்சொல்லையும் எழுதி ஒட்டிய உறையில் போட்டு, இங்கேயே பிறந்து வளர்ந்த இருவரிடம் கொடுத்து வையுங்கள். பொறுப்பாளர்களில் பாதிக்குமேல் அவர்களாக இருக்கட்டும். தாள் அவர்கள் வீட்டுடையது.

வருஷத்துக்கு ஒருமுறை, நாங்கள் நவம்பரில் செய்கிறோம், எல்லோரும் உட்கார்ந்து ஒவ்வொரு டிஸ்க்கிலிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து கோப்பைத் திறந்து பாருங்கள். உறையைப் பிரித்து, அதிலுள்ள கடவுச்சொல் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். போன வருஷம் கடவுச்சொல் எல்லாம் சரியாக இருந்தது. திறக்காத டிஸ்க் என்னுடையதுதான்.